பதினோராம் ஆணி

எட்டாவது ரேஸ் நடக்காது என்று சொல்லத்தான் போன் வந்தது.

காரணம் காற்று இல்லை. மழையும் இல்லை.

"கோச்சம்மா... பிரசிடென்ட் சார் தண்ணியில மிதக்கிறார்."

காலை ஐந்து நாற்பது. வாயில் டூத் பிரஷ்ஷோடு நின்ற கோச்சுக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. பிரசிடென்ட் தண்ணீரில் மிதப்பது புதுசா என்ன? நாற்பது வருஷமாக அந்த ஏரியில் பாய்மரப் படகு ஓட்டுகிற மனுஷன்.

"மிதக்கிறார்னா... போட்லயா?"

"இல்லம்மா." வாட்ச்மேன் எச்சில் விழுங்குவது போனிலேயே கேட்டது. "குப்புற."

பிரஷ் கீழே விழுந்தது.

அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்த தம்பியை உலுக்கி எழுப்பினாள். கிளப்பின் ரெஸ்க்யூ படகை ஓட்டுகிறவன் அவன். தண்ணீரில் யார் தத்தளித்தாலும் முதலில் பாய்ந்து போக வேண்டியவன். அன்றைக்கும் அவன்தான் போனான். ஆனால் பன்னிரண்டு மணி நேரம் தாமதமாக.

கிளப்பிலிருந்து ஒரு மைல் தள்ளி, கரையோர நாணல் புதருக்குள் சிக்கியிருந்தார் பிரசிடென்ட். விடியற்கால ரோந்தில் வாட்ச்மேன் கண்ணில் பட்டிருக்கிறார். தூக்கிக் கொண்டு வந்து சரிவில் கிடத்தினார்கள். லைஃப் ஜாக்கெட் இல்லை. அது சின்னப் பிள்ளைகளுக்கு என்பது அவருடைய கட்சி.

இன்ஸ்பெக்டர் ஆறரைக்கு வந்தார். வந்தவர் தண்ணீருக்குப் பத்தடி முன்னாலேயே பிரேக் போட்டு நின்றுவிட்டார். பக்கெட் தண்ணியைப் பார்த்தாலே தனக்குப் படபடப்பு வரும் என்று அவரே சொல்லிக்கொண்டார். பிணத்தை நகர்த்திக் கொண்டுவரச் சொல்லி, காய்ந்த தரையில் உட்கார்ந்து அதன் சட்டைப் பையைத் துழாவினார்.

ஒரு மாத்திரை அட்டை. ஊறிப் போயிருந்தது.

"சுகரா?"

"பத்து வருஷமா சார்," என்றார் கிளப் செக்ரெட்டரி. "டீக்கு அரை ஸ்பூன் சர்க்கரை போட்டாக்கூட அவங்க வீட்டம்மா சண்டைக்கு வருவாங்க. அவங்க இப்ப மக வீட்டுக்கு வெளியூர் போயிருக்காங்க."

அதனால்தான் ராத்திரி பூரா அவரை யாரும் தேடவில்லை.

இன்ஸ்பெக்டர் செக்ரெட்டரியை ஏற இறங்கப் பார்த்தார். அறுபது வயசு ஆள். தலை மட்டும் இருபது வயசுக் கறுப்பு. சாயம் காது வரை வழிந்திருந்தது.

"நேத்து சாயந்தரம் இவர் தண்ணிக்குப் போனது யாருக்குத் தெரியும்?"

எல்லோருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை அஞ்சு மணியானால் பிரசிடென்ட் தன்னுடைய நீலப் படகில் தனியாக ஒரு சுற்றுப் போய் வருவார். அதை வைத்துக் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளலாம்.

"ஆனா அவர் திரும்பி வந்துட்டார் சார்," என்றார் செக்ரெட்டரி. "போர்டு ஃபுல்லா இருந்துச்சே!"

"என்ன போர்டு?"

அதைச் சொல்லிவிட வேண்டும். அந்த கிளப்பின் சட்டப் புத்தகம் எண்பது பக்கம். ஒருத்தரும் படித்ததில்லை. எல்லோரும் மதிக்கிற சட்டம் ஒன்றே ஒன்றுதான். அது படகுக் கொட்டகைச் சுவரில் தொங்குகிறது. ஒரு மரப்பலகை, நாற்பது ஆணி, ஒவ்வோர் ஆணியிலும் நம்பர் எழுதின வெள்ளை டோக்கன். தண்ணீருக்குப் போகிறவர் தன் டோக்கனை எடுத்து மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். திரும்பி வந்ததும் ஆணியில் மாட்ட வேண்டும். சாயந்தரம் ஓர் ஆணி காலியாக இருந்தாலும் தம்பி ரெஸ்க்யூ படகைக் கரையேற்ற மாட்டான். இருட்டினாலும் சரி, இடி விழுந்தாலும் சரி, தேடப் போய்விடுவான். போர்டு நிறைந்துவிட்டால் கேட்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

டோக்கன் நம்பர்தான் அங்கே பெயரும். 'ஏய் ஒம்பது, பாயை இழு! பதினாலு, குனி!' என்று கோச் கத்துவாள். பிள்ளைகளின் நிஜப் பெயர் அவர்களைப் பெற்றவர்களுக்கே மறந்துவிடும் போலிருந்தது.

ஒரே ஓர் ஆணி மட்டும் எப்போதும் காலி. பதினொன்று. அதைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை.

இன்ஸ்பெக்டர் போர்டைப் பார்த்தார். முதல் ஆணியில் ஒன்றாம் நம்பர் டோக்கன் சமர்த்தாகத் தொங்கிக்கொண்டிருந்தது. பிரசிடென்ட்டுடையது.

அவர் மெதுவாகப் பிணத்தின் ஈரச் சட்டைக் கையைத் தூக்கிவிட்டார்.

மணிக்கட்டில் ஒரு வெள்ளை டோக்கன்.

நம்பர் ஒன்று!

ஒரு மனுஷன். ஒரு நம்பர். ரெண்டு டோக்கன்...

"ஆக," என்றார் இன்ஸ்பெக்டர், "இந்த ஆளு தண்ணியில தத்தளிச்சுக்கிட்டிருந்தப்போ, யாரோ ஒருத்தர் இங்க நின்னு, அவர் வந்துட்டார்னு ஆணியில மாட்டியிருக்காங்க. தேடவே விடாம பண்ணியிருக்காங்க. கத்தி வேணாம், துப்பாக்கி வேணாம். நல்லாருக்கு." அப்புறம் சாதாரணமாகக் கேட்டார். "இந்த டோக்கனையெல்லாம் யார் செய்யறது?"

 எல்லோருடைய தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

தம்பி ஈர உடம்போடு நின்றுகொண்டிருந்தான்.

அவனுடைய மேஜை டிராயரில் எழுதாத வெள்ளை வட்டங்கள் ஏழு, நம்பர் அச்சு, கறுப்புப் பெயின்ட் டப்பா எல்லாம் இருந்தன. அது போதாதென்று வியாழக்கிழமைச் சண்டை வேறு. சனிக்கிழமைக் கடைசி ரேஸுக்கு ஒரு பெரிய விருந்தாளி வருகிறார், காற்று எவ்வளவு அடித்தாலும் ஜூனியர் பிள்ளைகளை இறக்கியே ஆக வேண்டும் என்று பிரசிடென்ட் ஒற்றைக் காலில் நின்றார். தம்பி எகிறினான். இன்னொரு பிள்ளை சாகணுமா, அதுக்கு முன்னாடி உங்களை நானே தண்ணியில முக்கிடுறேன் என்று கத்தினான். முப்பது பேர் காதால் கேட்டார்கள். மைக் வேறு ஆஃப் செய்யப்படாமல் இருந்தது.

"மைக்ல சொல்லிட்டுக் கொலை பண்ற முதல் ஆள் நீதான்டா," என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் பண்ணலை சார். நேத்து அஞ்சேமுக்காலுக்குப் போர்டைப் பார்த்தேன். ஃபுல்லா இருந்துச்சு. நீலப் படகு நிக்குதான்னு தனியாப் பாக்கலை. படகைக் கரையேத்திட்டுப் போயிட்டேன்."

"போர்டுக்கிட்ட காவல் யாரு?"

செக்ரெட்டரி தன் தலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நேற்று அவருடைய முறைதான். அஞ்சேகாலுக்கே சலூனுக்கு நழுவிவிட்டாராம். இன்றைக்குப் பரிசளிப்பு, போட்டோ எடுப்பார்கள் என்று.

இன்ஸ்பெக்டர் வாட்சைப் பார்த்தார்.

"நாலு மணிக்கு எங்க டிபார்ட்மென்ட் பெரியவர் வர்றார். வந்ததும் யாரு என்னன்னு கேப்பார். அதுக்குள்ள வேற ஆளு சிக்கினா சரி. இல்லேன்னா இவனை ஏத்திட்டுப் போக வேண்டியதுதான்."

தம்பியைக் கொட்டகைக்குப் பக்கத்துப் பாய் அறையில் உட்கார வைத்து, வாசலில் ஒரு கான்ஸ்டபிளை நிறுத்தினார்கள்.

 கோச்சுக்கு உலகத்தில் இருந்தது அவன் ஒருத்தன்தான். அப்பா அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயசு. அவளுக்குப் பதினெட்டு. குளிக்க வைத்து, சோறு ஊட்டி, நீச்சல் கற்றுக்கொடுத்து ஆளாக்கின பிள்ளை. அவனை விட்டுக்கொடுத்துவிட்டு அவள் யாருக்காக வீட்டுக்குப் போவாள்?

ஜன்னல் கம்பி வழியாக மெதுவாகக் கேட்டாள். "டேய்... நீ ஒண்ணும் பண்ணலையே?"

தம்பி அவளை வெறித்துப் பார்த்தான்.

"நீயா கேக்கற அக்கா?"

அதற்கப்புறம் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். கேட்டிருக்கக் கூடாது.

அவள் தோளில் ஒரு கை விழுந்தது. மிட்டாயம்மா.

பேக்கரியில் வேலை பார்க்கிறவள். ரேஸ் நாளென்றால் ஆறு மணிக்கே, எல்லோருக்கும் முன்னால், வந்து நிற்பாள். பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் வார் கட்டிவிடுவது, அழுகிறதுகளைச் சமாளிப்பது, வெள்ளிக்கிழமைப் பயிற்சி முடிந்ததும் மீன் மாதிரியும் நங்கூரம் மாதிரியும் அச்சில் வார்த்த மிட்டாய் கொடுப்பது எல்லாம் அவள்தான். இத்தனைக்கும் அவளுடைய பிள்ளை அங்கே இல்லை. போன சீசன் வரைக்கும் இருந்தது.

பதினொன்று.

"டீ குடி கண்ணு," என்றாள் மிட்டாயம்மா. "உன் தம்பிக்கு ஒண்ணும் ஆகாது. நான் சொல்றேன் பாரு, ஒண்ணும் ஆகாது."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு கோச் அழுதுவிட்டாள். அதில் பாதி தம்பிக்காக. மீதி வேறு ஒன்றுக்காக.

அந்தப் படகுகளுக்குப் பின்புறம் அடியில் ஒரு சின்னத் துவாரம் உண்டு. உள்ளே சேர்ந்த தண்ணீரை வடிப்பதற்கு. கரையில் திறந்து வைப்பார்கள். தண்ணீரில் இறக்கும் முன் மஞ்சள் மூடியைச் செருக வேண்டும். கட்டை விரல் தடிமன்கூட இல்லாத மூடி. ப்ளக் என்பார்கள். போன சீசன் மூன்றாவது ரேஸில் பதினொன்றின் படகு கிளம்பின சில நிமிஷத்திலேயே நிறைந்து கவிழ்ந்தது. பாய்க்கு அடியில் மாட்டிக்கொண்டாள் பிள்ளை. பன்னிரண்டு வயசு. தூக்கிக் கொண்டு வந்தபோது படகில் ப்ளக் இல்லை. பிள்ளை போட மறந்துவிட்டாள், கோச் பார்க்கத் தவறிவிட்டாள் என்று பிரசிடென்ட் கைப்பட ரிப்போர்ட் எழுதினார். கோச் மறுபேச்சுப் பேசாமல் கையெழுத்துப் போட்டாள்.

அந்த டோக்கன் சட்டம் அதற்கப்புறம்தான் கடுமையானது. பயிற்சி முடிந்ததும் எல்லா ப்ளக்கையும் எண்ணித் தகர டப்பாவில் போட்டுப் பூட்டி, சாவியைக் கழுத்தில் போட்டுக்கொள்ளும் பழக்கமும் அப்போது வந்ததுதான். ஒரு வருஷமாக அவள் ஒரு ராத்திரிகூட முழுசாகத் தூங்கவில்லை.

பதினோரு மணிக்கு நீலப் படகைக் கட்டி இழுத்து வந்தார்கள். வயிறு நிறையத் தண்ணீர். வண்டியில் ஏற்றியதும் பின்பக்கத் துவாரத்திலிருந்து குழாய் திறந்த மாதிரி கொட்டியது.

ப்ளக் இல்லை.

இன்ஸ்பெக்டருக்குக் கொண்டாட்டம். "பாத்தீங்களா? யாரோ மூடியைக் கழட்டிட்டாங்க. அவர் அதைப் பாக்காம போய், நடு ஏரியில முழுகியிருக்கார். மூடி எங்க இருக்கும், எப்படிக் கழட்டறதுன்னு தெரிஞ்ச ஆளு. படகு ரிப்பேர் பண்ற ஆளு."

"இல்ல சார்!" ஜன்னலுக்குள்ளிருந்து தம்பியின் குரல். "ப்ளக் இல்லாம அந்த போட்டு அஞ்சு நிமிஷம் தாங்காது. சரிவை விட்டு நகரும்போதே தெரிஞ்சிடும். அவர் ஒரு மைல் போயிருக்கார். அரை மணி நேரமாவது ஓட்டியிருக்கார். கிளம்பும்போது ப்ளக் இருந்திருக்கணும்."

"அப்ப நடு ஏரியில மீன் வந்து புடுங்கிச்சா?"

கான்ஸ்டபிள் சிரித்தார். கோச் சிரிக்கவில்லை. தம்பி சொல்வது நூற்றுக்கு நூறு சரி. இருந்த ப்ளக் அரை மணி நேரத்தில் எப்படி இல்லாமல் போகும்? கல்லாக உட்கார்ந்துகொள்ளும் சாமான் அது. உள்ளேயிருந்து எட்டவும் எட்டாது.

ஒருவேளை பிரசிடென்ட் வேறு யாருடைய ப்ளக்கையாவது அவசரத்தில் போட்டிருந்தால்? சரியாக உட்காராமல் கழன்றிருந்தால்?

கழுத்துச் சாவியை எடுத்துத் தகர டப்பாவைத் திறந்தாள். ஜூனியர் படகு இருபது. ப்ளக் எண்ணினாள். இருபது. மறுபடி எண்ணினாள். இருபதேதான். ஒன்றும் குறையவில்லை.

அப்படியானால் கொட்டகையில் நிற்கிற எந்தப் படகிலும் நேற்று சாயந்தரம் மூடி இருந்திருக்க முடியாது. அவர் எடுத்திருக்க வழியில்லை.

மணி ரெண்டாயிற்று. மூன்றாயிற்று. ரேஸ் ரத்து என்று தெரியாமல் வந்த பிள்ளைகளைப் பெற்றோர்கள் இழுத்துக்கொண்டு போனார்கள். கிசுகிசு மட்டும் அங்கேயே தங்கியது. அக்காவும் தம்பியும் சேர்ந்தே பண்ணியிருப்பார்கள் என்று ஒரு அப்பா சொன்னது அவள் காதிலேயே விழுந்தது.

கொட்டகையை முனை முதல் முனை வரை நடந்தாள். எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் தேடினாள். சரிவுக்கு ஒட்டினாற்போல் ஒன்பதாம் நம்பர் படகு நின்றது. அதைத் தாண்டிப் போனவள் நின்றாள்.

எறும்பு.

சக்கரத்தில் ஏறி, வண்டிச் சட்டத்தில் வளைந்து, படகின் பின்பக்கத்துக்கு ஒரு நீள வரிசை போய்க்கொண்டிருந்தது. போகிறதுகள் வேகமாகப் போயின. வருகிறதுகள் எதையோ தூக்கிக்கொண்டு வந்தன. எல்லாம் ஒரே இடத்துக்குள் நுழைந்து வெளிவந்தன.

ப்ளக் துவாரம்!

குனிந்து பார்த்தாள். துவாரத்தின் விளிம்பில் மஞ்சளாக ஏதோ பொடிப்பொடியாக ஒட்டியிருந்தது. விரல் நுனியால் தொட்டாள். பிசுபிசுத்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

இனித்தது.

ப்ளாஸ்டிக் மூடி இனிக்குமா?

 அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரெண்டு நிமிஷம் கழித்து எழுந்து நேராக இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

"சார், ஆணியில இருந்த டோக்கனை ஒரு தடவை காட்டுங்க. தொட மாட்டேன்."

ப்ளாஸ்டிக் கவருக்குள் இருந்த ரெண்டு டோக்கனையும் அவர் மேஜையில் வைத்தார். பிணத்தின் கையில் இருந்ததில், ஒன்று என்ற எண் வட்டத்துக்கு நட்டநடுவில் நின்றது. தம்பி அச்சு வைத்து எழுதினது அப்படித்தான் இருக்கும். ஆணியில் இருந்ததைப் பார்த்தாள்.

ஒன்று வலது பக்கம் தள்ளி இருந்தது. இடது பக்கம் யாருக்கோ இடம் விட்டுவைத்த மாதிரி.

கவரை வெளிச்சத்தில் சாய்த்தாள். அந்தக் காலி இடத்தில் சுரண்டின தடம். மேலே புதுசாக வெள்ளைப் பூச்சு.

அது ஒன்று இல்லை. பதினொன்று. ஒரு ஒன்றை அழித்துவிட்ட பதினொன்று.

போன சீசனில் அந்தச் சின்ன மணிக்கட்டிலிருந்து டோக்கனை அறுத்து எடுத்து, அம்மாக்காரியின் கையில் வைத்து மூடினது கோச்தான்.

"என்னம்மா, முகம் வெளுத்துப் போச்சு? ஏதாவது தெரிஞ்சுதா?"

"அரை மணி நேரம் கொடுங்க சார்."

"கால் மணி. பெரியவர் கிளம்பிட்டார்."

மிட்டாயம்மா கிளப்பின் சமையலறையில் டீ டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். கோச் கதவைச் சாத்தினாள். என்ன கேட்பது என்று தெரியவில்லை. கேட்கவும் வேண்டியிருக்கவில்லை.

"எறும்பைப் பாத்துட்டியா?" என்றாள் மிட்டாயம்மா, திரும்பாமலேயே. "அதை நான் யோசிக்கலை கண்ணு. காலையில ஆறு மணிக்கு வந்து டோக்கனைக் கழட்டிட்டு, துவாரத்தையும் துடைச்சுடலாம்னு இருந்தேன். அதுக்குள்ள வாட்ச்மேன் பாத்துட்டான், போலீஸ் வந்துருச்சு."

"ஏங்க்கா?"

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். இடுப்பிலிருந்து எதையோ எடுத்து மேஜை மேல் வைத்தாள். ஒரு பழைய மஞ்சள் ப்ளக். அதன் தலையில் ரோஸ் நிற நகப்பூச்சால் ஒரு குட்டிப் பூ.

"என் நகப்பூச்சைத் திருடி அவ வரைஞ்சது. அதுக்காக அன்னிக்கு அடிச்சேன்." அந்தப் பூவைக் கட்டை விரலால் தடவினாள். "இந்த சீசன் ரெண்டாவது வாரம் பிரசிடென்ட் தன் போட்டைக் கழுவச் சொன்னார். நானும் பிள்ளைங்களோட கழுவினேன். பின்னாடி ப்ளக்கைப் புடுங்கினேன். இது வந்துச்சு. அவர் போட்ல இருந்து! அப்ப திரும்ப அங்கயே வெச்சுட்டேன்."

கோச் அந்த ப்ளக்கைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

பிரசிடென்ட் தன்னுடைய ப்ளக்கை எப்போதும் தொலைத்துவிடுவார். அது கிளப்புக்கே தெரியும். தொலைத்துவிட்டு என்ன செய்வார் என்று யாரும் யோசித்ததில்லை. பக்கத்தில் நிற்கிற படகில் கையை விட்டுப் பிடுங்கிக்கொள்வார். அன்றைக்கு, மூன்றாவது ரேஸ் அன்றைக்கு, பக்கத்தில் நின்றது பதினொன்றின் படகு. நீ எல்லாம் சரி பார்த்த அப்புறம்தான் எடுத்திருக்கார், என்றாள் மிட்டாயம்மா. என் பொண்ணு மறக்கலை. நீயும் தவறவிடலை.

ஒரு வருஷமாக நெஞ்சில் கிடந்த கல். அது இறங்கும்போது இப்படி வலிக்கும் என்று கோச்சுக்குத் தெரியாது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"போலீஸுக்குப் போயிருக்கலாமேக்கா..."

"போய் என்ன சொல்ல? ஒரு மூடியைக் காட்டி, இதுதான் சாட்சின்னா? போன மாசம் அவர்கிட்டயே கேட்டேன். சார், பிள்ளைங்க போட்ல இருந்து எப்பவாவது ப்ளக் எடுத்திருக்கீங்களான்னு. சிரிச்சார். என்னைத் திருடன்னு நினைச்சியாம்மான்னு கேட்டார். சரி, பாத்துடலாம்னு நினைச்சேன்."

அவள் சொன்னதெல்லாம் இவ்வளவுதான். நேற்று பயிற்சி முடிந்து கோச் டப்பாவைப் பூட்டிக்கொண்டு போன பிறகு, நீலப் படகிலிருந்து தன் மகளுடைய ப்ளக்கை எடுத்துக்கொண்டாள். முன்னாடியே நிஜ ப்ளக்கை வைத்து அச்சு எடுத்து, சர்க்கரையைக் காய்ச்சி, மஞ்சள் சேர்த்து வார்த்த ஒரு மிட்டாயை ஒன்பதாம் நம்பர் படகில் செருகினாள். கொட்டகைக்குப் பின்னால் நின்று பார்த்தாள்.

"எந்தப் பிள்ளையாவது அது கிட்ட வந்திருந்தா நானே தூக்கி எறிஞ்சிருப்பேன். வரலை. அஞ்சு மணிக்கு அவர் வந்தார். தன் போட்ல ப்ளக் இல்லேன்னு பாத்தார். வாட்ச்மேனைக் கூப்பிட்டிருக்கலாம். உனக்குப் போன் போட்டிருக்கலாம். இன்னிக்கு வேணாம்னு வீட்டுக்கே போயிருக்கலாம். அப்படிப் போயிருந்தா நானும் போயிருப்பேன், சத்தியமா. இந்தப் பக்கம் பாத்தார். அந்தப் பக்கம் பாத்தார். நேரா ஒன்பதாம் நம்பர்ல கையை விட்டார்."

கடைசி டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள்.

"ஒரு பிள்ளை செத்த அப்புறமும் விட்டார்," என்றாள். "அதுக்கப்புறம்தான் டோக்கனை மாட்டினேன்."

கோச் சுவரில் சாய்ந்து நின்றாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் தம்பி இருந்தான். இந்தப் பக்கம் இவள். வாயைத் திறந்தால் இவள் போவாள். மூடினால் அவன் போவான். இப்படி ஒரு தராசை யார் கையிலும் கொடுக்கக் கூடாது.

மிட்டாயம்மா அவள் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். உன் தம்பிக்கு ஒண்ணும் ஆகாதுன்னு காலையிலயே சொன்னேன்ல? நாலு மணி வரைக்கும் நேரம் இருக்கேன்னு டம்ளரெல்லாம் கழுவிட்டிருந்தேன். அவ்வளவுதான்."

புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்த ப்ளக்கை எடுத்துக்கொண்டு, அவளே கதவைத் திறந்து நடந்தாள். நேராக இன்ஸ்பெக்டரின் மேஜைக்கு.

நாலு மணிக்குப் பெரியவர் வந்தபோது எழுதி வாங்கின வாக்குமூலம் மூன்று பக்கம் தயாராக இருந்தது. தம்பி வெளியே வந்தான்.  கொஞ்ச நேரம் முறைப்பாக நின்றான். அப்புறம் சின்ன வயசில் மாதிரி அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். காலையில் கேட்ட கேள்விக்கு அவள் மன்னிப்புக் கேட்டாள். விடு அக்கா என்றான்.

ஜீப்பில் ஏறும் முன் மிட்டாயம்மா திரும்பி போர்டைப் பார்த்தாள். முதல் ஆணி, பதினோராம் ஆணி, ரெண்டும் காலி.

ஜீப் கிளம்பிப் போயிற்று. இன்ஸ்பெக்டர் மட்டும் பின்தங்கி, ஒன்பதாம் நம்பர் படகின் முன்னால் குந்தி உட்கார்ந்து எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு அவ்வளவு பக்கத்தில் அவர் அன்றைக்குப் போனது அதுதான் முதல் தடவை.

"இத்தனை வருஷ சர்வீஸ்ல ஒரு நூறு கொலை பாத்திருப்பேன்மா," என்றார். "செத்தவன் திருடாம இருந்திருந்தா நடந்தே இருக்காதுங்கிற கொலையை இப்பதான் பாக்கறேன்."

 இன்ஸ்பெக்டர் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். தன் சட்டைப் பையிலிருந்து அந்த ஊறின மாத்திரை அட்டையை எடுத்து, சாட்சிக் கவருக்குள் போட்டு, பெருமூச்சு விட்டார்.

"பாவம் அந்த டாக்டர்! சர்க்கரையைத் தொட்டா உயிருக்கே ஆபத்துன்னு பத்து வருஷமா தலையில அடிச்சுக்கிட்டாராம். மனுஷன் கேட்டாரா?"